"மனதை லேசாக வைத்துக்கொள், கரு தானாக நிற்கும்" என்பது உண்மையா? – விவாத இழை

ஒரு வாசகியின் கேள்வி, 4 மார்ச் 2024

எங்கள் இருவருக்கும் எல்லாப் பரிசோதனைகளும் முடிந்துவிட்டன. குறையென்று எதுவும் இல்லை, காரணம் புலப்படாத குழந்தையின்மை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து வீட்டில் எல்லாரும் ஒரே குரலில், "நீ அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய், அதனால்தான் தங்கவில்லை, மனதை லேசாக வைத்துக்கொள், தானாக நிற்கும்" என்கிறார்கள். என் கணவரும் இப்போது அதையே சொல்லத் தொடங்கிவிட்டார். மன அழுத்தத்தால்தான் கரு தங்காமல் போகிறதா? அப்படியென்றால் நான் என்ன செய்தால் என் மனம் லேசாகும்?

4 மார்ச், இரவு

எங்கள் கோப்பிலும் இதே நோய்ப்பெயர்தான் எழுதப்பட்டிருக்கிறது. நான் கணவன் தரப்பிலிருந்து எழுதுகிறேன்.

கவலைப்பட்டதால்தான் கரு தங்கவில்லை என்று சொல்வதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 14 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று வெளிவந்தது. முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்க்கும் ஐவிஎஃப் போன்ற சிகிச்சைக்கு வந்த 3,583 பெண்களிடம், சிகிச்சை தொடங்கும் முன்பே பதற்றமும் மனச்சோர்வும் எவ்வளவு இருந்தன என்று அளந்து வைத்திருந்தார்கள். அந்த அளவுக்கும், அந்தச் சுற்றில் அவர்கள் கருவுற்றார்களா என்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை. கலங்கிப்போய் வந்தவர்களும் கருவுற்றார்கள். அமைதியாக வந்தவர்களும் வெறுங்கையுடன் திரும்பினார்கள்.

இந்த அறிவுரை யாரிடம் சொல்லப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். எங்கள் உறவினர் எவரும் என் மனதை லேசாக வைத்துக்கொள்ளும்படி ஒருமுறைகூட என்னிடம் சொன்னதில்லை. குழந்தையின்மையால் மருத்துவரிடம் வரும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணம் தனியாகவோ பெண் தரப்புக் காரணத்துடன் சேர்ந்தோ இருக்கிறது என்பது பாடநூல் செய்தி. அறிவுரை மட்டும் மனைவியைத் தேடியே போகிறது. ஒவ்வொரு மாதமும் ஏமாற்றத்தைத் தாங்க வேண்டும், தாங்கும்போது கவலைப்படவும் கூடாது, கவலைப்பட்டால் அடுத்த ஏமாற்றத்துக்கும் அவளே பொறுப்பு என்று ஆகிவிடுகிறது. இதைச் சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். கேட்பவருக்கு அது குற்றச்சாட்டாகவே போய்ச் சேர்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும்: மனத்தை லேசாக்குவதை இன்னொரு மருந்துபோல வேளை தவறாமல் செய்ய வேண்டிய கடமையாக்கிக்கொள்ளாதீர்கள். நீங்கள் படும் வேதனைக்குக் கவனிப்பு தேவை; கரு தங்குவதற்காக அல்லாமல் வேதனைக்காகவே தேவை.

5 மார்ச்

குறையே இல்லையென்றால் ஏன் தங்கவில்லை என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அந்த அறிக்கை எதையெல்லாம் பார்த்து எழுதப்படுகிறது என்பது தெரிந்தால் குழப்பம் பாதி தீரும். வழக்கமாகப் பார்ப்பவை மூன்று: மாதந்தோறும் கருமுட்டை வெளிவருகிறதா, கருக்குழாய்கள் அடைப்பில்லாமல் இருக்கின்றனவா, விந்தணுக்கள் போதிய எண்ணிக்கையும் அசைவும் கொண்டிருக்கின்றனவா. முட்டையின் தரம் எப்படி, விந்தணு அதனுள் நுழைகிறதா, நுழைந்தபின் கரு சரியாகப் பிரிந்து வளர்கிறதா, கருப்பைச் சுவரில் ஒட்டுகிறதா என்பவற்றையெல்லாம் இந்தப் பரிசோதனைகள் தொடுவதே இல்லை. கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் லேசாக இருந்தால் சாதாரண ஸ்கேனில் தெரியாமலே போகலாம். ஐவிஎஃப் செய்யும்போதுதான் முட்டையும் விந்தணுவும் சேரவே இல்லை என்பது சிலருக்குத் தெரியவருகிறது. அந்த வகையில் அந்தச் சிகிச்சையே ஒரு பரிசோதனையும் ஆகிவிடுகிறது. மருத்துவரிடம் வரும் தம்பதிகளில் நூற்றுக்கு 15 முதல் 30 ஜோடிகள்வரை இந்தக் காரணம் புலப்படாத வகையில்தான் வைக்கப்படுகிறார்கள்.

அடுத்தது வெறும் கணக்கு. எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்கும் ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 20 சதவீதம்தான். அது மாதந்தோறும் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு மாதங்களுக்குப் பிறகும் நூறு ஜோடிகளில் ஏழு ஜோடிகளுக்குத் தங்கியிருக்காது. வாய்ப்பு 10 சதவீதமாகக் குறைந்தால் அந்த ஏழு, இருபத்தெட்டாக உயரும். பகடையில் ஆறு விழவில்லை என்பதற்காக உருட்டியவரின் மனநிலையை யாரும் விசாரிப்பதில்லை.

அந்த 10 சதவீதத்தை இன்னும் கீழே இறக்குவது பெரும்பாலும் வயதுதான். ஓராண்டு முயன்றும் தங்கவில்லையென்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது பொதுவிதி. பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதமே எல்லை. மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்தவர்களும், சிறுவயதில் விதை இறங்காமல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஆண்களும் அந்த ஆறு மாதத்துக்குக்கூடக் காத்திருக்கத் தேவையில்லை. "லேசாக இரு" என்ற அறிவுரையின் உண்மையான தீங்கு இங்கேதான் இருக்கிறது. லேசாக இருந்து பார்ப்போம் என்று தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் முட்டைகளுக்கும் ஓர் ஆண்டு கூடுகிறது.

5 மார்ச், சற்றுக் கழித்து

தத்தெடுத்தவுடன் தங்கிவிட்ட ஜோடியைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். எல்லாருக்கும் அப்படி ஒரு ஜோடியைத் தெரியும். தத்தெடுத்தபின் கருவுறாத ஜோடிகளை யாரும் கதையாகச் சொல்வதில்லை என்பதால் அவர்கள் நினைவில் நிற்பதில்லை. மேலும், ஒரு குழந்தையைக் கருத்தரிப்பதற்கான உத்தியாகத் தத்தெடுப்பது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.

8 மார்ச்

என் முதல் பதிலுக்கு எதிராக ஒருவர் 2014இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வை எடுத்துக்காட்டியிருக்கிறார். அது நியாயமான எதிர்வாதம். அதையும் சேர்த்தே பேச வேண்டும். டெக்சாஸிலும் மிச்சிகனிலும் அப்போதுதான் முயற்சியைத் தொடங்கிய சுமார் ஐந்நூறு தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பெண்களின் எச்சிலில் ஆல்ஃபா அமிலேஸ் என்ற பொருள் அதிகமாக இருந்த மூன்றில் ஒரு பங்கினருக்கு, குறைவாக இருந்தவர்களைவிட மாதாந்தர வாய்ப்பு 29 சதவீதம் தாழ்ந்திருந்தது. அந்தப் பொருள் உடலின் அழுத்தத்துக்கு ஓர் அடையாளம். ஆனால், அழுத்தத்துக்கு இன்னும் நன்கு அறியப்பட்ட அடையாளமான கார்ட்டிசோலை வைத்துப் பார்த்தபோது அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை.

ஆகவே "தொடர்பே கிடையாது" என்று அடித்துச் சொல்லாமல், இருந்தாலும் சிறியது, உங்கள் அறிக்கையை விளக்கப் போதாது என்று சொல்வதே சரி. கடுமையாக எடை குறைந்து, உடலை வருத்திக்கொண்டு, பெரும் அதிர்ச்சியும் சேர்ந்தால் மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் கட்டளையே நின்றுபோகும் நிலை உண்டு. அப்போது மாதவிலக்கே நின்றுவிடும் அல்லது தாறுமாறாகும். ஒளிந்திருந்து வேலை செய்யும் காரணம் அல்ல அது. மாதாமாதம் தேதி பிசகாமல் வருகிறவருக்கு அந்த விளக்கம் பொருந்தாது.

அழுத்தம் உண்மையில் செய்யும் வேலை வேறு. தொடர்ந்தால் பலன் கிடைக்கக்கூடிய பலர் இடையிலேயே சிகிச்சையை விட்டுவிடுகிறார்கள். மனச்சுமை அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

9 மார்ச்

"என் கணவர் பரிசோதனைக்கு வர மறுக்கிறார், எனக்கு மட்டும் எல்லாம் எடுத்தாகிவிட்டது" என்று எழுதியிருக்கும் சகோதரிக்கு.

வரிசை தலைகீழாக நடந்திருக்கிறது. பெண்ணுக்குச் செய்யும் கருக்குழாய் எக்ஸ்ரேயில் கருப்பைக்குள் சாயம் செலுத்துவார்கள், அது வலிக்கும். ஆணின் விந்துப் பரிசோதனைக்குத் தேவைப்படுவது ஒரு கிண்ணமும் கொஞ்ச நேரமும்தான். எளிதானதை முதலில் முடிப்பது, இல்லையென்றால் இரண்டையும் ஒரே சமயத்தில் தொடங்குவது என்பதே முறை.

அவர் வர மறுப்பதன் காரணத்தை என்னால் ஊகிக்க முடிகிறது, ஏனென்றால் விந்து மாதிரி சேகரிக்கும் அந்த அறை எனக்குத் தெரியும். கதவின் தாழ்ப்பாள் முழுதாக விழாது. வெளியே இருவர் மதிய உணவு வேளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது தெளிவாகக் கேட்கும். கிண்ணத்தில் உங்கள் பெயரையும் மனைவியின் பெயரையும் எழுதி ஒட்டியிருப்பார்கள். வெளியே வந்ததும் ஒரு படிவம் நீட்டப்படும்: எத்தனை நாள் இடைவெளி விட்டீர்கள், எத்தனை மணிக்குச் சேகரித்தீர்கள், ஏதேனும் சிந்தியதா? கடைசிக் கேள்விக்கு விடை எழுதும்போது எந்தப் பொதுத்தேர்விலும் நடுங்காத கை எனக்கு நடுங்கியது. வீட்டிலேயே சேகரித்து, உடல்சூட்டில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரவும் பல இடங்களில் அனுமதிக்கிறார்கள். இது தெரிந்தாலே பல கணவர்கள் இறங்கிவருவார்கள்.

முடிவைப் படிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ்வரம்பு, மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள், 42 சதவீத அசைவு, 4 சதவீதம் சரியான வடிவம். ஆம், நூற்றுக்கு நான்கு எடுத்தாலே தேர்ச்சி. பள்ளியில் இப்படி ஒரு பாடம் இருந்திருந்தால் நானும் முதல் வகுப்பில் தேறியிருப்பேன். ஓராண்டுக்குள் தந்தையானவர்களில் கடைசி ஐந்து சதவீதத்தினர் எங்கே நிற்கிறார்களோ அந்த இடத்தைத்தான் இந்த எண்கள் குறிக்கின்றன. அதற்குக் கீழே இருந்தால் வாய்ப்பு குறைவே தவிர, வாய்ப்பு இல்லை என்றாகாது. ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாட்கள் ஆகும் என்பதால் இன்றைய மாதிரி உங்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு முந்தைய உடல்நிலையைத்தான் காட்டுகிறது. அப்போது கடுங்காய்ச்சல் வந்திருந்தால் எண்ணிக்கை சரிந்திருக்கும். குறைவாக வந்தால் சில வாரங்கள் கழித்து மறுபடியும் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

9 மார்ச், மீண்டும்

உடற்பயிற்சிக் கூடத்தில் சொன்னார்கள் என்று டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறவர் மேலே கேட்டிருக்கிறார். மருத்துவரிடம் இன்றே அதைச் சொல்லுங்கள். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வரும்போது, விதைப்பைக்கு வேலை கொடுக்கும் சமிக்ஞையை மூளை குறைத்துக்கொள்கிறது. விந்தணு உற்பத்தி அறவே நின்றும் போகலாம். ஆண்மை கூடும் என்று நினைத்துப் போடும் ஊசி கருத்தடைபோல வேலை செய்கிறது. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு உற்பத்தி திரும்புகிறது, ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம்.

14 மார்ச்

படுக்கையறை பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்க மாட்டீர்கள் என்பதால் நானே எழுதுகிறேன்.

கைப்பேசியில் ஒரு செயலி வைத்திருந்தோம். கருமுட்டை வெளியேறும் நாள் நெருங்கினால் "இன்று உகந்த நாள்" என்று ஒலியெழுப்பும். அலுவலகக் கூட்டம் ஒன்றில் என் திரையை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோது அது தலைகாட்டியது. என்ன உகந்த நாள் என்று ஒரு மூத்த அதிகாரி கேட்டார். புது வேலை தொடங்குவதற்கு என்றேன். அன்று மாலை இதைச் சொன்னபோது என் மனைவி வெகுநேரம் சிரித்தாள். அந்த மாதங்களில் அப்படிச் சிரித்தது அபூர்வம்.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். குறித்த நாளில், குறித்த நேரத்தில், வேண்டுமோ வேண்டாமோ என்று நெருங்கும்போது அது உறவாக இருப்பதில்லை, பணியாகிவிடுகிறது. ஆண்களில் பலருக்கு அந்த நாளில்தான் உடல் ஒத்துழைக்காது. அதை நோய் என்று நினைத்து அஞ்சுவார்கள். மனைவியோ தன்மேல் ஆசை இல்லை என்று எண்ணிக்கொள்வாள். இருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இந்தக் கால அட்டவணை பெரும்பாலும் தேவையே இல்லாதது. முட்டையின் ஆயுள் ஒரு நாளுக்கு மேல் இல்லை, ஆனால் விந்தணு உடலுக்குள் ஐந்து நாள்வரை உயிரோடிருக்கும். முட்டை வெளியேறும் நாளையும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களையும் சேர்த்து ஆறு நாட்கள்தான் கருத்தரிக்கக்கூடியவை என்று 1995இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. மாதம் முழுவதும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே இந்த ஆறு நாட்களும் அதற்குள் அடங்கிவிடும். செயலியை நீக்கிவிட்டோம். அதனால் பலன் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கரு தங்கவில்லை, ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிந்தது.

21 மார்ச்

"நான் அழும்போது அவர் தொலைக்காட்சியைப் பார்க்கிறார், அவருக்குக் கவலையே இல்லை." இந்த வரியை இந்த இழையில் மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள்.

கவலை இல்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். நம்பிக்கைக்கும் ஏமாற்றத்துக்கும் இருவருக்கும் வேறு வேறு நாட்காட்டி இருக்கிறது. சிகிச்சைக்குப் பின் முடிவுக்காகக் காத்திருக்கும் அந்த இரண்டு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவியின் உடலில், கரு ஒட்டிக்கொள்ளக் கருப்பையைத் தயார்படுத்தும் புரொஜெஸ்டிரோன் மருந்து போய்க்கொண்டிருக்கும். மார்பு கனக்கும், வயிறு உப்பும், தூக்கம் வரும். கருவுற்றாலும் இவைதான் அறிகுறிகள் என்பதால் மணிக்கு ஒருமுறை நம்பிக்கை பிறக்கும், மணிக்கு ஒருமுறை மடியும். பரிசோதனைப் பட்டையை விளக்கின் அடியில் சாய்த்துப் பார்ப்பது, சன்னல் வெளிச்சத்தில் பார்ப்பது, பிளாஸ்டிக் உறையைப் பிரித்து உள்ளே இருக்கும் காகிதத்தை வெளியே எடுத்துப் பார்ப்பது எல்லாம் எங்கள் வீட்டில் நடந்தவை. முட்டையை வெளியேற்றப் போடும் எச்சிஜி ஊசிக்குப் பிறகு பத்து நாட்களோ அதற்குச் சற்று மேலோகூட அந்தப் பட்டையில் இரண்டாவது கோடு தெரியலாம். பட்டை தேடுவதும் அதே எச்சிஜியைத்தான் என்பதால் அது ஊசி மருந்தின் கோடு, கருவின் கோடு அல்ல. இதை எங்களுக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த ஒரு காலைப்பொழுதைத் தவிர்த்திருக்கலாம்.

என் உடலில் அந்த இரண்டு வாரமும் எதுவும் நடக்கவில்லை. அதனால் எனக்கு அந்த நாட்கள் வெறும் காத்திருப்பாக இருந்தன. துக்கம் முடிவு வந்தபின் தொடங்கி, அவள் எழுந்து நடமாடத் தொடங்கிய வேளையில் உச்சத்துக்கு வந்தது. அவள் அழுதபோது நான் கல்லாக இருந்தேன் என்று அவளுக்குப் பட்டது. நான் தளர்ந்தபோது, முடிந்துபோனதை இவர் ஏன் மறுபடியும் கிளறுகிறார் என்று நினைத்தாள்.

வேதனையின் அளவைப் பற்றி ஒரு தகவல். குழந்தையின்மைக்குச் சிகிச்சை பெறும் பெண்களின் பதற்றமும் மனச்சோர்வும் புற்றுநோய், இதயநோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோரின் அளவுக்கு இருக்கிறது என்று 1993இல் ஓர் ஆய்வு காட்டியது. "இதற்குப் போய் இப்படியா" என்கிறவர்களிடம் இதைச் சொல்லலாம். உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கணக்கிட்டிருக்கிறது.

மனநல ஆலோசகர்கள் சொல்லும் உத்தி ஒன்று எங்களுக்கு உதவியது. நாளுக்கு இருபது நிமிடம் இதைப் பற்றிப் பேசுவது, அந்த நேரத்தில் கேட்பவர் எழுந்து போகக் கூடாது, நேரம் முடிந்தபின் சொல்பவர் தொடரக் கூடாது. எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பது தெரியாத பேச்சுக்குத்தான் நான் பயந்து ஓடியிருக்கிறேன்.

22 மார்ச்

நேற்றையதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிவு வரும் நாளில் இருபது நிமிடக் கணக்கு செல்லாது. அன்று கடிகாரத்தைப் பார்த்தீர்களென்றால் உங்களுக்கு மன்னிப்பு கிடையாது.

2 ஏப்ரல்

"விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்பது பற்றி. எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது: என் உறவினருக்கு நான் பதில் சொல்வேன், அவள் உறவினருக்கு அவள். மாமியாரின் கேள்விக்கு மருமகள் பதில் சொல்லும் நிலை வரக் கூடாது. காரணம் யார் பக்கம் இருந்தாலும் "எங்களுக்கு" என்றே பேசுவோம். யாருக்குக் குறை என்று நேராகவே கேட்ட ஒரு பெரியவரிடம், சிகிச்சை இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் என்று சொன்னேன். அவருக்கு அது போதவில்லை. அதற்கு மேல் சொல்லவும் இல்லை.

11 ஏப்ரல்

எப்போது நிறுத்துவது என்ற கேள்வியைக் கடைசிவரை தள்ளிப்போட்டிருக்கிறோம். ஒருவர் போதும் என்கிறார், மற்றவர் இன்னும் ஒரு சுற்று என்கிறார். இதில் யார் சொல்வது நடக்க வேண்டும்?

என் கருத்து எல்லாருக்கும் பிடிக்காது. ஊசியும் மயக்க மருந்தும் முட்டை எடுப்பதும் யார் உடலில் நடக்கின்றனவோ அவர் போதும் என்றால் அங்கே வாக்கெடுப்பு கிடையாது. பணத்தைப் பற்றியும், தானமுட்டை அல்லது தானவிந்து பற்றியும், தத்தெடுப்பதைப் பற்றியும், குழந்தையில்லாமலேயே வாழ்வதைப் பற்றியும் இருவருக்கும் சமமான குரல் உண்டு. அவற்றில் ஒருவரை மற்றவர் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. காரணம் ஆண் பக்கம் இருந்தாலும் ஊசி பெண்ணுக்குத்தான் போடப்படுகிறது. 1992இல் ஒரே விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறை வந்தபின், மிகக் குறைந்த எண்ணிக்கை உள்ள ஆண்களும் தந்தையாக முடிகிறது. அதற்கான உடல் விலையை முழுக்கக் கொடுப்பது அவர்களின் மனைவியர். ஆகவே "எனக்குச் சம்மதம்தான், நீ தயாரா?" என்று ஆண் கேட்பதில் பெரிய தாராளம் எதுவும் இல்லை.

நடைமுறையில் செய்யக்கூடியது இது: சுற்று தொடங்கும் முன்பே, தோற்றால் என்ன செய்வோம் என்பதைப் பேசி எழுதி வையுங்கள். தோற்ற மறுநாள் எடுக்கும் முடிவு, நிறுத்துவதானாலும் தொடர்வதானாலும், அழுகையின் முடிவாகவே இருக்கும். எழுதி வைத்ததை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதில்லை. ஆனால் மாற்றுவதற்கு முன் ஒரு மாதமாவது கடக்கட்டும். நாங்கள் இப்போது நிறுத்தி வைத்திருக்கிறோம். மறுபடியும் இதைப் பற்றிப் பேச ஒரு தேதி குறித்திருக்கிறோம், அதுவரை இருவரில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

கருத்தரிப்பு மையத்தின் ஆலோசகரையே மனநல ஆலோசனைக்கும் பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: பார்க்கலாம், ஆனால் நிறுத்துவதைப் பற்றிப் பேச அந்த மையத்தோடு தொடர்பில்லாத ஒருவரைத் தேடுங்கள்.